நூறு உலகம்மாள்கள்

கீழப்பாறையூர்க் கல்லூரியில் சமூகவியல் மூன்றாம் ஆண்டு படித்தவர்கள் மூன்றே பேர்: பிரம்மசக்தி, பிலவேந்திரன், சொரிமுத்து. வாத்தியார் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் கீழே சிந்தாமல் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள். பிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் சிரமம்.

கடைசி வருடம் ஆய்வேடு எழுதினால்தான் பட்டம். மற்ற இருவருக்கும் பட்டம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. பிரம்மசக்திக்கு அப்படியில்லை. பக்கத்து ஊர் பி.எட். கல்லூரியில் அவள் பேரில் ஓர் இடம் எடுத்துவைத்திருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் பட்டம் வராவிட்டால் அந்த இடம் போய்விடும். டீச்சராக வேண்டும் என்று அவள் ஏழாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

'தமிழகச் சந்தைகளில் பெண் வியாபாரிகள்' என்று தலைப்பு எழுதிக்கொண்டு மூவரும் பேராசிரியர் தணிகாசலத்திடம் போனார்கள். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரொம்பப் பெருசு. சுருக்குங்க" என்றார்.

மாவட்டமாகச் சுருக்கினார்கள். "இன்னும் சுருக்குங்க." ஊராக்கினார்கள். "இன்னும்." காய்கறி வரிசை மட்டும் என்றார்கள். அவர் பக்கத்தைத் திருப்பினார். கடைசியில், அந்த வரிசையின் கோடியில் கத்தரிக்காய் விற்கும் உலகம்மாள் ஒருத்தியில் வந்து நின்றார்கள்.

"இதுவும் பெருசுன்னா என்னல செய்ய?" என்றான் பிலவேந்திரன்.

"அவங்க காலைல ஆறு மணிக்கே வந்திருதாவ. அவ்வளவு நேரமும் நமக்கு எதுக்கு? பத்துலருந்து பதினொண்ணு போதும்" என்றாள் பிரம்மசக்தி.

'உலகம்மாள்: காலை பத்து முதல் பதினொன்று வரை' என்ற தலைப்பில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்திருந்தால் போட்டிருக்கமாட்டார். ஆனால் படித்துப் பார்க்கும் வழக்கம் அந்தத் துறையில் யாருக்கும் இல்லை.

"நூறு படிவம் நிரப்பணும். ஒண்ணு குறைஞ்சாலும் வாங்கமாட்டேன். எல்லாப் படிவத்துலயும் ஒரே மாதிரிக் கேள்விகதான் இருக்கணும். உங்க சொந்தக் கருத்து எங்கயும் தலைகாட்டக் கூடாது. போங்க" என்றார் அவர்.

வெளியே வந்ததும் சொரிமுத்து படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நூறு படிவம். நம்மகிட்ட இருக்கது ஒரு உலகம்மா."

"வேற ஆளுககிட்டயும் கேப்போமா?" என்றான் பிலவேந்திரன்.

"தலைப்பு மாறிருமே. கையெழுத்தாயிட்டுல்லா?" என்றான் சொரிமுத்து.

பிரம்மசக்தி யோசித்தாள். "நூறு பேர்கிட்ட ஒரு தடவ கேட்டாலும் நூறு. ஒருத்தர்கிட்ட நூறு தடவ கேட்டாலும் நூறு. இதுல பஸ் செலவும் கிடையாது."

அவளுடைய அறிவை மெச்சிக்கொண்டே மற்ற இருவரும் படிவம் அச்சடிக்கக் கிளம்பினார்கள்.

நாளுக்கு ஐந்து படிவம், இருபது நாள் வேலை. முதல் நாள் காலை வெயிலில், தண்ணீர் தெளித்த கத்தரிக்காய்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. உலகம்மாள் முதல் படிவத்துக்கு வாய்கொள்ளாச் சிரிப்போடு பதில் சொன்னாள். பெயர், வயது ஐம்பத்தொன்று, பிள்ளைகள் மூன்று. இரண்டாவது படிவத்தை எடுத்து, "பெரியம்மா, உங்க பேரு?" என்று பிரம்மசக்தி கேட்டதும் சிரிப்பு நின்றது.

"இப்பத்தானட்டி சொன்னேன்?"

பிலவேந்திரன் பெயர் என்ற கட்டத்தில் 'இப்பத்தானட்டி சொன்னேன்' என்று எழுதினான்.

பதினெட்டாம் படிவத்தில் அவளுக்கு வயது அறுபத்திரண்டு. "ஒங்கள பாத்த நாள்லருந்து கூடிட்டு" என்றாள். முப்பத்தொன்பதில், பிடித்த பொழுதுபோக்கு என்ன என்று கேட்டதற்குத் தராசுத் தட்டைத் தூக்கினாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். அறுபதாம் படிவத்துக்கு மேல் அவளுக்கு இருபத்திரண்டு கேள்வியும் மனப்பாடம். இவர்கள் வந்து நிற்குமுன்னே பதிலையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தாள்.

"கேள்விக்கு முந்தி வந்த பதில் செல்லுமா?" என்றான் சொரிமுத்து.

"அவங்க சொல்லி முடிச்சதும் நாம கேள்விய வாசிச்சிருவோம்" என்றாள் பிரம்மசக்தி. ஒழுங்காக வாசிக்கவும் செய்தார்கள். கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்தார். பாவம், அவருக்குப் படித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. நூறு படிவத்திலும் ஒரே உலகம்மாள் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது மோசடி. அப்படி ஒருத்தர் இருந்தா கூட்டிட்டு வாங்க."

சொரிமுத்து ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தான்.

வெளியூர்க்காரர் பிரம்மசக்தியிடம், "இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீங்க?" என்றார். அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் அது சொந்தக் கருத்தாயிற்றே! ஜூன் மாதம் கண்முன்னால் வந்து நின்றது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிலவேந்திரனும் வாய் திறக்கவில்லை. சொரிமுத்துவுக்குக் கருத்தே இல்லாததால் நிம்மதியாக இருந்தான்.

"ஏன், புள்ளைகள இப்படி முழிக்க வைக்கீரு? நான் சொல்லுதேன்" என்றாள் உலகம்மாள். சந்தை, வியாபாரம், பிள்ளைகள் என்று இருபத்திரண்டு பதிலையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் எரிச்சலோடு அறிக்கையில் எழுதினார்: 'ஆய்வை அறிந்தவர் இந்த அம்மையார் மட்டுமே. இவருக்கு எண்பத்துநான்கு மதிப்பெண். மற்ற மூவரும் அடுத்த ஆண்டு வரலாம்.'

துறை அதை அப்படியே பதிந்துகொண்டு, பட்டத்தையும் உலகம்மாள் பேருக்கே எழுதியது. படிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு உலகம்மாள் வீதம் எண்ணி, 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியது.

அன்றைக்குப் பிரம்மசக்தி சாப்பிடவில்லை. மறுநாள் தெளிந்துவிட்டாள். பி.எட். கல்லூரிக் கடிதத்தை உலகம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இடம் வீணாப் போகக் கூடாது பெரியம்மா. பட்டம் உங்களுக்குத்தான வந்திருக்கு."

"கத்தரிக்காய யாருட்டி பாப்பா?"

"அதுக்குத்தான் இவனுக ரெண்டு பேரும் இருக்கானுவல்லா."

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை உலகம்மாள் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு பஸ் ஏறினாள். பஸ் கண்ணுக்கு மறையும்வரை பிரம்மசக்தி கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். சொரிமுத்துவுக்குத்தான் அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அப்போ டீச்சர் வேல?"

"அத நான் விடுவனால? வேலைக்கு நான் போவேன்" என்றாள் பிரம்மசக்தி. "சம்பளத்த மட்டும் அவங்க வாங்கிக்கிடட்டும். படிச்சது அவங்கல்லா!"

இதைவிட நியாயம் இருக்க முடியாது என்று மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.