எஞ்சின் நிற்காத பலகை

சிஷ்யனுக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. ஞானக் கதைகளில் இப்படி வருவது வழக்கமில்லைதான். ஆனால் நடந்தது அப்படித்தான், நான் என்ன செய்ய?

குருவின் பெயர் சகுந்தலாமணி. போத்தனூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். ஊரே அவரை ஆசாரியம்மா என்று கூப்பிடும். அதிகம் பேச மாட்டார். பேச நினைக்கும்போதும் பாதி நேரம் வாயில் ஆணி இருக்கும்.

சிஷ்யன் சென்னியப்பன், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவரிடம் நாற்பத்தோரு மாதிரி ரயில்கள் இருந்தன. எல்லாம் நிஜ ரயிலைக் கையளவுக்குச் சுருக்கி வைத்தது போல இருக்கும். முப்பது வருடமாகச் சேர்த்தவை, அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஓய்வு பெற்றதும் ஹால் சுவர் முழுக்கப் பலகை அடித்து அவற்றை வரிசையாக நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆள் வைத்துச் செய்ய மனம் வரவில்லை. பட்டறைக்குப் போய், "எனக்குக் கத்துக் குடுங்க" என்றார்.

"எதுக்குங்க சார்? நானே ரெண்டு நாள்ல அடிச்சுக் குடுத்துருவேன்."

"இல்லீங்க. எங்கையாலயே பண்ணோணும்."

ஆசாரியம்மா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துடைப்பத்தைக் கொடுத்தார். முப்பத்து நான்கு வருடம் கொடி காட்டி ரயிலை நிறுத்தியவர், அன்று முதல் மரத்தூள் கூட்டினார். மூன்று மாதத்தில் இழைக்கவும் அறுக்கவும் கற்றுக்கொண்டார். ரயில் சக்கரம் உட்காரும்படி பலகையில் நீளமாகக் காடிப் பள்ளம் எடுக்கவும் வந்துவிட்டது.

ஐந்து பலகைகள், ஒவ்வொன்றும் பதினாலு அடி. சுவரில் தானே அடித்து முடித்தார். ரயில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஏற்றினார். கடைசியாக நடுப் பலகையில் ஒரு பழைய தகர எஞ்சினை வைத்தார். பச்சை பெயிண்ட் பாதி உரிந்து, சாவி தொலைந்து, ஸ்பிரிங் போய், சக்கரம் மட்டும் நன்றாகச் சுற்றும். அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது.

கையை எடுத்தார். எஞ்சின் நகர்ந்தது. அவசரமே இல்லாமல், சிக்னல் கிடைத்த பாசஞ்சர் மாதிரி, வாசல் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. பலகையின் முனையில் விழப்போனதை ஓடிப்போய் வேட்டியை விரித்துப் பிடித்தார்.

மறுபடி வைத்தார். மறுபடி போனது. மற்ற நாற்பதும் சிவனே என்று நின்றன. அவற்றுக்குள் மோட்டார் இருந்தது, சக்கரம் சும்மா சுற்றாது.

ஒரு சின்ன ரப்பர் துண்டை வெட்டிச் சக்கரத்தின் அடியில் செருகினார். நின்றது. ஆனால் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் ஆசாரியம்மாவைக் கூட்டி வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மத்ததெல்லாம் நிக்குதுங்க. இது ஒண்ணுதான் நிக்க மாட்டேங்குது. அதுல ஏதோ கோளாறு."

ஆசாரியம்மா ரப்பர் துண்டைப் பார்த்தார். "இது என்னங்க?"

"யார்டுல நிக்கற வண்டிக்குக் கட்டை வெப்போமுங்க. அந்த மாதிரி."

"மூணு மாசம் கத்துக்கிட்டது இதுக்குத்தானுங்களா?"

சென்னியப்பன் ரப்பர் துண்டைக் கையால் மறைத்தார்.

"பலகையை எதுலிருந்து அளந்தீங்க?"

"தரையிலிருந்துதானுங்க. இந்த முனைக்கும் நாலடி, அந்த முனைக்கும் நாலடி. நூல் பிசகலீங்க."

ஆசாரியம்மா சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். சென்னியப்பனின் மனைவி பூவாத்தா குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஆசாரியம்மா அதை அப்படியே ஹால் தரையில் ஊற்றினார்.

"ஐயோ, இப்பத்தானுங்க துடைச்சேன்!" என்றார் பூவாத்தா.

தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு வாசலைப் பார்த்து ஓடியது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடு கழுவினால் தண்ணீர் தேங்கக் கூடாது என்று கொத்தனார் தரைக்கு வாட்டம் கொடுத்திருந்தார். பதினாலு அடிக்கு ஒன்றே கால் அங்குலம் சரிவு. இருபது வருடம் அந்தத் தரையில் நடந்தவருக்கு அது தெரியவில்லை.

"அளவு சரிங்க சார். அளக்க ஆரம்பிச்ச இடந்தான் சரிவு" என்றார் ஆசாரியம்மா.

"அப்ப எஞ்சின்ல கோளாறு இல்லீங்களா?"

"இந்த வீட்டுல அது ஒண்ணுதான் உள்ளதைச் சொல்லுது."

சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. ரப்பர் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆசாரியம்மா பையிலிருந்து நீளமான ட்யூப் ஒன்றை எடுத்தார். கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரியும். அதில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, ஒரு முனையைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார். மறு முனையோடு சுவரின் அந்தக் கோடிக்குப் போனார்.

"ரசமட்டத்தை வெச்சு மட்டம் பாத்தா ஆகாதுங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"அது ஒரு சாண். சுவர் பதினாலு அடி. இதுதான் பொய் சொல்லாது."

"இதை ஒரு ஆளே பிடிச்சுக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க. ரெண்டு முனைக்கும் ஆள் வேணும்."

சென்னியப்பன் தன் முனையைக் கட்டை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். ஆசாரியம்மா தன் பக்கம் குறி போடப் பார்த்தார். தண்ணீர் அசையவே இல்லை.

"விரலை எடுங்க சார்."

"கொட்டிப் போயிருமுங்க."

"கொட்டுனா ஊத்திக்கலாம். எடுங்க."

எடுத்தார். தண்ணீர் விர்ரென்று மேலே வந்து அவர் மணிக்கட்டை நனைத்தது. இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. பிறகு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் அமைதியாக நின்றது. இரண்டு பேரும் பென்சிலால் குறி போட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஐந்து பலகையையும் கழற்றி மாட்டினார்கள். எஞ்சினை நடுவில் வைத்துவிட்டுச் சென்னியப்பன் கையை எடுத்தார். அது நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசாரியம்மா எஞ்சினுக்குப் பின்னால் விரலை ஓட்டினார். மற்ற ரயில்கள் நெருக்கியடித்து நின்றன. இங்கே மட்டும் ஒன்றரை அடி காலி. காடி மட்டும் சுத்தமாக எடுத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்திருந்தது.

"இங்க என்னங்க வரும்?"

"ஒண்ணும் வராதுங்க."

"அப்புறம் காடி எதுக்கு எடுத்தீங்க?"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பூவாத்தா சொன்னார்.

"இதுக்கு மூணு பெட்டி இருக்குதுங்க. வெள்ளலூர்ல, கொழுந்தனார் வீட்டுல."

அது ஒரு வெட்கங்கெட்ட கதை. சென்னியப்பனின் அப்பா இறந்ததும், அவரும் தம்பி மருதாசலமும் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நிலம், வீடு, அண்டா, குண்டான் எல்லாம் பிரிந்து, கடைசியில் பரணிலிருந்து இந்த ரயில் வந்தது. ஒரு எஞ்சின், மூன்று பெட்டிகள். இரண்டு பேரும் ஐம்பதைத் தொட்டவர்கள், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சாயத்துக்கு வந்த சித்தப்பா, "பெரியவனுக்கு எஞ்சின், சின்னவனுக்குப் பெட்டி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ரயிலையே பிரித்த பிறகு பிரிக்க என்ன மிச்சம்? பேச்சும் நின்றது.

அதற்குப் பிறகு சென்னியப்பன் இன்னும் அதிகமாக ரயில் வாங்கினார். புதிதாக வாங்கிய ஒவ்வொரு பெட்டியையும் முதலில் அப்பாவின் எஞ்சினோடு கோத்துப் பார்ப்பார். எதிலும் கொக்கி சேரவில்லை.

"கொழுந்தனார் வீட்டை வித்துட்டாருங்க. திங்கக்கிழமை மககூட ஓசூருக்குப் போறாரு. அங்கயே இருந்துக்கறதாம்" என்றார் பூவாத்தா. "எனக்குப் போன் பண்ணுனாரு. அண்ணன் வந்து கேட்டா பெட்டியக் குடுத்துட்டுப் போறேன், இல்லீன்னா எங்கூடவே போகட்டும்னாரு. நானும் நாலு நாளா சொல்லிட்டு இருக்கறேன்."

"நான் எதுக்குப் போகோணும்?" என்றார் சென்னியப்பன். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "முதல்ல பேச்சை நிறுத்துனது அவன். பதினோரு வருஷமா ஒரு வார்த்தை இல்ல. அவன்தானுங்க வரோணும்."

ஆசாரியம்மா உளியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எதுலிருந்து அளந்தீங்க?" என்றார்.

"பாகம் பிரிச்சு வந்த முதப் பொங்கலிலிருந்துங்க. வருவான்னு இலை போட்டு வெச்சிருந்தேன். வரல."

"அதுக்கு முந்தி?"

சென்னியப்பன் பலகையில் ஒட்டியிருந்த மரத்தூளை ஊதினார்.

"அதுக்கு முந்துன ஐப்பசியில கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம்" என்றார் பூவாத்தா, தலையைத் தூக்காமல். "இவரு போகலீங்க."

"எனக்கு ட்யூட்டி."

"லீவு கேட்டாத்தானுங்க குடுப்பாங்க."

தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போனது. சென்னியப்பன் வழக்கமாகப் பெட்டிகளை எண்ணுவார். அன்று எண்ணவில்லை. பலகையின் காலி இடத்தைத் தடவியபடி நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஆசாரியம்மா பையைக் கட்டி எழுந்தார்.

சென்னியப்பன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "ஆசாரியம்மா, ஆறாவதா ஒரு பலகை அடிக்கலாம்னு இருக்கறேன். ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா ட்யூப்பைப் பிடிச்சுக் குறி போட்டுறலாம்."

"ஞாயித்துக்கிழமை நான் வரலீங்க."

"அப்ப மறு முனையை யாருங்க பிடிப்பாங்க?"

ஆசாரியம்மா தண்ணீர் ட்யூப்பைச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

"உங்க தம்பி எந்த ஊருன்னு சொன்னாங்க?"

"வெள்ளலூருங்க."

ஆசாரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவ்வளவு தூரத்துக்கு ட்யூப் எட்டாதுங்க சார். நீங்கதான் கொண்டு போகோணும்."