காதால் புழு பார்த்த கதை

கறுக்... கறுக்... கறுக்.

"கேட்டீங்களா?" என்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னத்தக் கேக்க?" என்றார் தவசி அண்ணன். எங்கள் மில் மெஸ்ஸில் யார் எதைச் சொன்னாலும் முதலில் "இல்லை" என்பவர் அவர்.

அதற்குள் சமையல்கார ஒச்சம்மாக்கா அரிவாளோடு கொல்லைக்கு வந்துவிட்டார். என் அறை ஜன்னலை ஒட்டி நிற்கும் நந்தியாவட்டையை வெட்டப் போகிறாராம்.

"பாதி இலையக் காணோம். சாமி படத்துக்கு ஒரு பூவு இல்ல. பறிக்கப் போனா உள்ள என்னமோ கண்ண உருட்டிப் பாக்குது!"

ராத்திரி ஷிப்ட்காரனுக்குப் பகலில் தூக்கம் வராது. வராத தூக்கத்துக்கு அந்தச் செடிதான் எனக்குத் துணை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் வேறு விதமாகச் சொன்னேன்.

"அது கண்ணு இல்லக்கா, பொட்டு. பச்சைப் புழு. வால்ல கொம்பு இருக்கும். நந்தியாவட்டை, அரளின்னா அதுக்கு உசிரு. பாத்துச் சொல்லல, மெல்லுற சத்தத்துலயே சொல்றேன்."

"சத்தத்துலயா?"

"ஆமணக்குன்னா அப்பளம் நொறுங்குற மாதிரி. சேம்புன்னா ஈரத்துணி கிழியுற மாதிரி. என்ன இலைன்னு தெரிஞ்சா என்ன புழுன்னு தெரிஞ்சுபோச்சு. எள்ளுச்செடிப் புழுவச் சீண்டினா டிக் டிக்னு பல்லக் கடிக்கும்."

"புழு பல்லக் கடிக்குமாம்!" தவசி அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். இத்தனைக்கும் அது முழு நிஜம்.

நிஜத்தையே நம்பாதவர்களிடம் பொய்யில் சிக்கனம் எதற்கு?

"போன ஆடியில, அத்தனை மிஷினும் ஓடுற இரைச்சல்ல, மூணு ஊரு தள்ளி ஒரு ஆமணக்குல புழு மென்னது எனக்குக் கேட்டுச்சு. மேஸ்திரி போன் போட்டு விசாரிச்சாரு. 'ஆமா, இப்பத்தான் ஏப்பம் விட்டுச்சு'ன்னாரு தோட்டக்காரரு."

"ஏப்பம் ஒனக்குக் கேக்கலையாக்கும்?"

"கேட்டுச்சுண்ணே. நாகரிகத்துக்குச் சொல்லல. சேம்புப் புழு ஒண்ணு வளத்தேன். கறிவேப்பிலையப் போட்டா தொடவே இல்ல. சேம்புத் தோட்டத்துக்கு பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன். போறப்ப என் மடியில. வர்றப்ப பின்சீட்டு பூரா அது, நான் படிக்கட்டுல. கூடு கட்ட மில்லு நூலு ஒரு ஷிப்ட் மொத்தமும் இழுத்துருச்சு. வெளிய வந்து ஒருக்கா றெக்கைய உதறுச்சு பாருங்க, அன்னிக்குச் சுத்த ஆரம்பிச்சதுதான் இந்த மெஸ் காத்தாடி."

"அது சுத்தி நான் பாத்ததே இல்லையே," என்றார் ஒச்சம்மாக்கா.

"நீங்க தூங்குறப்ப சுத்தும்."

அக்கா அரிவாளைச் செடியின் தூரில் வைத்தார். "அந்தப் பக்கம் திரும்பிக் கண்ண மூடு. இப்ப இந்தக் கொல்லையில எது எந்த இலையத் திங்குதுன்னு சொல்லு. இலை சரின்னா செடி பொழைக்கும். தப்புன்னா ஒரே வெட்டு."

திரும்பிக் கண்ணை மூடினேன். பாழாய்ப்போன புழு மெல்லுவதை நிறுத்திவிட்டது. என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அப்புறம், முதுகுக்குப் பின்னால், சரக், சரக். பொடி இலை. ஈர்க்கோடு சேர்த்து.

"முருங்கை," என்றேன். "சத்தியமா முருங்கை. திங்குறதுக்கு மேலெல்லாம் ரோமம். கம்பளிப்பூச்சி! கொஞ்சம் பெருசு."

தவசி அண்ணன் மூச்சு முட்டச் சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் செம்மறிக் கிடா, அறுத்த கயிறு கழுத்தில் தொங்க, நான் உருவிய கீரையை மொத்தமும் முடித்துவிட்டு முறத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"இதுவாடா கம்பளிப்பூச்சி?"

"குட்டியில அப்படித்தாண்ணே இருந்துச்சு. கூடு கட்ட விடாமக் கயித்துல கட்டிட்டாங்க."

ஒச்சம்மாக்கா முறத்தைப் பார்த்தார். செடியைப் பார்த்தார்.

"இலை சரிதான்," என்று அரிவாளை என் கையில் திணித்தார். "போயி முருங்கையில இன்னொரு கொப்பு வெட்டிட்டு வா."

வெட்டி வந்தேன். கிடாவைக் கட்டிப்போட்டேன். முறத்தைக் கழுவிவிட்டு, மறுபடியும் கீரை உருவ உட்கார்ந்தேன்.