விட்டுப் பிடித்த சூரை

கஸ்பாருக்குக் கடல் தெரியாது. புளியடிப்பட்டியில் அண்ணன் இன்னாசியோடும் தம்பி ரெமிஜியூஸோடும் சேர்ந்து தையல் கடை வைத்திருந்தவன் அவன். மூன்று பேருக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். "கை கொஞ்சம் தாராளமா வைங்க" என்று சொன்ன ஒரு வாத்தியாருக்கு மூன்று கை வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அவர் எதற்குக் கோபித்துக்கொண்டார் என்று இன்றுவரை அவர்களுக்குப் புரியவில்லை. நாலு கை வைத்திருக்க வேண்டுமோ என்று இன்னாசிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

இந்தக் கஸ்பாருக்கு நொச்சித்துறையில் பிலோமியைக் கட்டிக்கொடுத்தார்கள். பிலோமியின் அப்பா தொம்மந்திரை, அந்தக் குடாவில் சூரை மீன் பிடிப்பதில் பேர்போனவர். கல்யாணமாகி ஆறு மாதமாகியும் அவர் கஸ்பாரை ஒரு நாள்கூட "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. "தையல்காரரே" என்றுதான் கூப்பிடுவார். அது கஸ்பாருக்கு உள்ளுக்குள் ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவருடைய இளைய மகளுக்கு நிச்சயம் பேச வெளியூர்ச் சம்பந்திகள் மறுநாள் மத்தியானம் வருவதாக இருந்தார்கள். "எங்க வீட்டுல சூரைக் குழம்புதான்" என்று தொம்மந்திரை முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த மறுநாளே வள்ளத்தைத் தள்ளும்போது கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரில் மற்ற ஆட்களெல்லாம் தூரக் கடலுக்குப் போயிருந்தார்கள்.

"நான் போறேன் மாமா" என்றான் கஸ்பார்.

தொம்மந்திரை அவனைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலையும் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. விசேஷத்துக்கு வந்திருந்த அண்ணனையும் தம்பியையும் கூப்பிட்டு வைத்து, மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"நல்லா கேட்டுக்கோங்க. கரை கண்ணை விட்டு மறையக் கூடாது. வள்ளத்துக்குள்ள சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. பறவை எங்க கூட்டமா விழுதோ அங்க போங்க. சூரை மாட்டிச்சுன்னா அவசரப்படாதீங்க. விட்டுப் பிடிக்கணும். இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றார் இன்னாசி. பாவாடை தைப்பதற்கே இதைவிட அதிகம் சொல்வார்கள்.

விடிந்ததும் புறப்பட்டார்கள். கொஞ்ச தூரம் போனதுமே முதல் சிக்கல் வந்தது. அது குடா. மூன்று பக்கமும் கரை.

"எந்தக் கரை மறையக் கூடாதுன்னு மாமா சொன்னார்?" என்று கேட்டார் இன்னாசி.

"கரைன்னுதான் சொன்னார். பேர் சொல்லலை" என்றான் கஸ்பார்.

"அப்ப மூணையும்தான் பார்க்கணும்" என்றான் ரெமிஜியூஸ். "நல்லவேளை, நாம மூணு பேரா வந்தோம்."

ஆளுக்கொரு கரையைப் பார்த்து உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகத் துடுப்புப் போட்டார்கள். வள்ளம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சுற்றச் சுற்ற அவரவர் கரை அவரவர் முதுகுக்குப் பின்னால் போய்விட, அவர்களும் எழுந்து இடம் மாறி மாறி உட்கார்ந்தார்கள். வெயில் ஏறும்வரை இது நடந்தது.

மூச்சு வாங்கியதும் கஸ்பார் தண்ணீர்க் குடத்தை எடுத்தான். இன்னாசி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது என்ன?"

"தண்ணி."

"எங்க இருக்கு?"

கஸ்பார் கொஞ்சம் யோசித்தான். "வள்ளத்துக்குள்ள" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. குடத்தைக் கவிழ்த்துக் கடலில் ஊற்றினார்கள்.

அடுத்து ஐஸ் பெட்டி.

"ஐஸ் தண்ணியா?" என்று கேட்டான் ரெமிஜியூஸ்.

"இப்ப இல்லை. ஆனா ஆகப் போகுது."

"ஆகாததைத் தூக்கிப் போடுறது அநியாயம்" என்றார் இன்னாசி. "ஆக ஆகப் பார்த்துக்குவோம்."

ரெமிஜியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரோடு உட்கார்ந்தான். சொட்டுச் சொட்டாகக் கரைந்த குளிர்ந்த தண்ணீரை வறண்ட நாக்கோடு அள்ளி அள்ளி வெளியே ஊற்றினான். ஒரு மணி நேரத்தில் பெட்டி துடைத்ததுபோல் ஆகிவிட்டது. மூன்று பேருக்கும் மனசு நிறைந்தது.

அப்போதுதான் கஸ்பார் பறவைகளைப் பார்த்தான். நூறு காக்கை இருக்கும், இருபது முப்பது பருந்தும் இருக்கும். கூட்டமாக விழுந்து எழுந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை மூன்று பேரும் ஒரே திசையைப் பார்த்துத் துடுப்புப் போட்டதால் வள்ளம் நேராகப் போய் மணலில் ஏறி நின்றது. கஸ்பார் இரை கோத்த தூண்டிலைச் சுழற்றி, பறவைகளுக்கு நடுவே வீசினான். தூண்டில் போய் ஒரு கூடையில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். கூடை வந்தது. கூடைக்குப் பின்னால் மரியசெல்வம் வந்தாள். அது அவள் கருவாடு காயப்போடும் இடம்.

"தொம்மந்திரை மருமகன்தானே நீங்க? கடல் அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும் அக்கா" என்றான் கஸ்பார். "பறவை இந்தப் பக்கம் இருக்கு."

மரியசெல்வம் அவர்கள் மூன்று பேரின் காய்ந்த உதட்டையும் பார்த்தாள். திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டு போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்று பேரும் வள்ளத்தைவிட்டு இறங்கி மணலில் நின்று குடித்தார்கள்.

"அங்க பாருங்க" என்று குடா வாயைக் காட்டினாள். "கடற்பறவை விழுது பாருங்க, வெள்ளை வெள்ளையா. சூரை அங்கதான் மேயும். போங்க."

போனார்கள். தூண்டிலைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கயிறு கஸ்பாரின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. கடைசியில் நீலமும் வெள்ளியுமாக ஒரு சூரை உள்ளே வந்து விழுந்தது. ரெமிஜியூஸ் அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். கஸ்பார் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தான். எதைக் கண்டாலும் அளவெடுப்பது அவன் பழக்கம்.

"நீளம் முப்பத்தாறு. மார்பு இருபத்தஞ்சு" என்றான். சொல்லும்போதே கண் கலங்கியது. மாமனார் வாயிலிருந்து மாப்பிள்ளை என்ற சொல் வருவது காதில் கேட்டது.

இன்னாசி தொண்டையைச் செருமினார். "தம்பி, விட்டாச்சா?"

"எதை?"

"மீனை. மாமா என்ன சொன்னார்? விட்டுப் பிடிக்கணும்னார். நாம பிடிச்சிருக்கோம். விடவே இல்லையே."

"பிடிச்சுட்டோமே அண்ணே. இனிமே எதுக்கு விடணும்?"

"சட்டை தைச்சு முடிச்சாச்சேன்னு பட்டனுக்குக் காஜா எடுக்காம கொடுத்துடுவியா?"

கஸ்பார் மீனை இரண்டு கையாலும் தூக்கி, தண்ணீரில் மெதுவாக விட்டான். அது ஒரு வீச்சில் மறைந்தது.

"விட்டாச்சு" என்றார் இன்னாசி. "இனிப் பிடிக்கிறதுதான் பாக்கி."

காத்திருந்தார்கள். மீன் வரவில்லை. "அவசரப்படக் கூடாது" என்று ரெமிஜியூஸ் அவ்வப்போது ஞாபகப்படுத்தினான். கஸ்பாருக்கு அழுகை முட்டியது. சூரியன் உச்சிக்கு வரப்போகிற நேரத்தில் கயிறு மறுபடி ஓடியது. இழுத்துப் போட்டார்கள். கஸ்பார் மறுபடி டேப்பை எடுத்து அளந்தான்.

"நீளம் முப்பத்திநாலு. மார்பு இருபத்திமூணு." அவன் முகம் வாடிவிட்டது. "அண்ணே, இது அது இல்லை போலிருக்கே. அப்ப இதையும் விடணுமா?"

இன்னாசி மீனை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அதேதான். கவலையில இளைச்சிருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கும் ரெண்டு அங்குலம் குறைஞ்சுதே, உன்னை நாங்க வேற ஆள்னா சொன்னோம்?"

கஸ்பார் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகத் துடுப்புப் போட்டதில்லை.

கரையில் சம்பந்தி வீட்டார் வந்து நின்றிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தொம்மந்திரை மீனைப் பார்த்ததும் கால் வலியை மறந்து எழுந்து நின்றார். "எங்க பெரிய மாப்பிள்ளை பிடிச்சது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கஸ்பாருக்குக் கால் மணலில் பாவவில்லை.

குழம்பு கொதித்தது. பந்தி போட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கஸ்பார் நடந்ததை மறைக்காமல் சொன்னான். பிடித்ததையும் விட்டதையும் மீன் இளைத்ததையும் சொல்லச் சொல்ல பந்தி சிரித்தது, தொம்மந்திரையின் தலை இலையை நோக்கிக் குனிந்துகொண்டே போனது.

எதிரே உட்கார்ந்திருந்த, இளைய மகளுக்குப் பேசியிருந்த புது மாப்பிள்ளை வியாகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. நில அளவை ஆபீசில் வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன்.

"மார்பு குறைஞ்சது சரி அண்ணாச்சி" என்றான். "கவலைப்பட்டா இளைக்கும். ஆனா நீளம் எப்படிக் குறையும்?"

கஸ்பார் அண்ணனைப் பார்த்தான். இன்னாசி தம்பியைப் பார்த்தார். தொம்மந்திரை தலையை நிமிர்த்தினார். இந்த வீட்டுக்கு விவரமான ஆள் ஒருத்தன் வந்துவிட்டான் என்று அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இது வேற மீன்" என்றான் வியாகப்பன்.

"சரியாச் சொன்னீங்க மாப்பிள்ளை" என்றார் தொம்மந்திரை.

"முதல் மீன் இன்னும் அங்கதான் இருக்கும் மாமா. விட்டவங்க பிடிக்க வருவாங்கன்னு அது காத்துக்கிட்டு இருக்காதா? நாம இங்க உட்கார்ந்து சாப்பிடுறது முறையா?"

கஸ்பார் இலையை மூடிவிட்டு எழுந்தான். தொம்மந்திரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை கிடைப்பதற்குள் நாலு பேரும் குழம்புச் சட்டியையும் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறிவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கலாம் என்பது வியாகப்பனின் யோசனை.

குடா வாயில் வள்ளத்தை நிறுத்தி, நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து உருட்டி உருட்டிச் சாப்பிட்டார்கள். திடீரென்று பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது.

ரெமிஜியூஸ் அவசரமாகத் தன் துண்டை எடுத்துக் குழம்புச் சட்டியை மூடினான்.

"சத்தம் போடாதீங்க" என்றான். "என்ன குழம்புன்னு அது கேட்டா, கத்திரிக்காய்னு சொல்லுங்க."