வெள்ளைக் காக்கைக் குஞ்சும் குயில் சொன்ன சாட்சியும்

ஏரிக்கரைக்கு மனிதர்கள் குடிவருவதற்கும் ரொம்ப முந்தின காலத்திலே, அங்கே ஒரு பெரிய நாவல்மரம் நின்றதாம். மரம் முழுக்கக் காக்கைக் கூடுகள். மேல்கிளையில் மையாள் என்ற காக்கையும் அவள் புருஷன் நெடுமூக்கனும் குடியிருந்தார்கள்.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. குயில்கள் திருட்டுத்தனமாக வந்து காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காக்கைகள் விவரம் தெரியாமல் அடைகாத்து, ஊட்டி வளர்த்து, ஏமாந்துபோகும். அதனால் குஞ்சுகளுக்கு இறகு முளைத்ததும் மரமே கூடி, ஒவ்வொரு கூடாகப் போய்ப் பார்க்கும். குயில் குஞ்சு நிறத்திலேயே தெரிந்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு. கறுப்பாக இல்லாத குஞ்சு கண்ணில் பட்டால், பொழுது சாய்வதற்குள் கீழே தள்ளிவிடுவார்கள்.

அந்த வருஷம் மையாளுக்கு மூன்று குஞ்சுகள். இரண்டு நல்ல கறுப்பு. மூன்றாவது, பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை.

மையாள் அதை இலையைப் போட்டு மூடிப் பார்த்தாள். சிறகுக்குள் பொத்தி வைத்தாள். குஞ்சுக்கோ பசி. வெள்ளைத் தலையை வெளியே நீட்டி வாயைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்துக் கூட்டம் வந்து நின்றது.

முதலில் எட்டிப் பார்த்தவள் கீழ்க்கிளைக் கூராயி. வாய்க்குப் பேர்போனவள்.

“ஏண்டி மையா, இது என்ன, காக்கையா கொக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“நான் இட்ட முட்டையில வந்ததுதான் அக்கா” என்றாள் மையாள்.

“நீயும் கறுப்பு, உன் புருஷனும் கறுப்பு. வெள்ளை எங்கேருந்து வந்துச்சாம்? இது குயிலு வேலை. தள்ளு கீழே.”

மையாள் குஞ்சின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். தன் தாய்மாமன் ஒருவர் வெள்ளைதான் என்றும், அவர் கூடப் பிறந்த அம்மா கறுப்பு, தானும் கறுப்பு என்றும் சொல்லிப் பார்த்தாள். கூராயி விடவில்லை. உன் வழியில் வெள்ளை வருமென்றால் மற்ற இரண்டும் ஏன் கறுப்பு, போன வருஷத்துக் குஞ்சுகள் ஏன் எல்லாமே கறுப்பு என்று மடக்கினாள். தடித்த காக்கைகள் இரண்டு கூட்டை நோக்கி நகர்ந்தன. வெயில் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நெடுமூக்கன் தொண்டையைச் செருமினான்.

“என் தங்கச்சி ஒருத்தி வெள்ளை.”

தனக்குப் பெண் தேடும்போது அவளைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். தூரத்துப் பனங்காட்டில் அவள் நன்றாகத்தான் இருக்கிறாளாம். சொல்லி முடித்துவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மையாளுக்குக் கோபம் வரவில்லை. யோசனைதான் வந்தது.

“அப்போ உங்களுக்குள்ளயும் வெள்ளை ஒளிஞ்சிருக்கு, எனக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கு” என்றாள் மெதுவாக. “நிறத்துக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பங்கு இருக்கணும். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒரு பங்கு கறுப்பு, ஒரு பங்கு வெள்ளை. கறுப்பு மேல நின்னு வெள்ளையை மறைச்சிடுது. பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு பங்குதான் குடுக்கிறோம். எது போகும்ங்கிறது நம்ம வசத்துல இல்லை. ஒருத்தர் கறுப்பைக் குடுத்தாலும் குஞ்சு கறுப்பு. ரெண்டு பேரும் வெள்ளையையே குடுத்தாத்தான் இவன்.”

காக்கைகள் தங்களுக்குள் முணுமுணுத்தன. கூராயி மட்டும், இவள் கதை விடுகிறாள், குயிலையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றாள்.

பக்கத்து வேப்பமரத்தில் ஒரு புள்ளிக்குயில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“உங்க கண்ணுல படாம இருக்கிறதுதான் அக்கா என் பிழைப்பு. வெள்ளைப் பிள்ளையைக் கொண்டுவந்து உங்க நடுவுல வைப்பேனா? என் பிள்ளை உங்க பிள்ளைங்க மாதிரியே கறுப்பு. இந்த மரத்துலதான் வளர்றான். இப்பதான் நீங்களே பார்த்து, சரின்னு சொல்லிட்டு வந்தீங்க.”

தன் பிள்ளைக்கு நன்றாக ஊட்டச் சொல்லிவிட்டு அவள் பறந்துபோனாள்.

அவ்வளவுதான். நகர்ந்து வந்த காக்கைகள் நின்றுவிட்டன. ஒவ்வொருத்திக்கும் தன் கூட்டின் நினைப்பு வந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள்.

மையாள் நிம்மதியாக மூச்சு விட்டுச் சிறகைத் தளர்த்தினாள். வெள்ளைக் குஞ்சு அண்ணன்மார் இரண்டு பேரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து கத்தியது. நெடுமூக்கன் தன் அலகால் அதன் தலையைக் கோதிவிட்டான்.

கடைசியாகக் கூராயி மட்டும் நின்றாள். கீழே அவள் கூட்டில் நான்கு கறுப்புக் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. அதில் எது தன்னுடையது என்று தெரியாமல், பறக்கவும் மறந்து, கிளை வழியே நடந்தே போனாள்.

பெற்றவர்களிடம் வெளியே தெரிவது மட்டுமல்ல, உள்ளே ஒளிந்திருப்பதும் பிள்ளைக்கு வந்து சேரும் என்பதால், மேல்நிறத்தைப் பார்த்து இது யார் பிள்ளை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.