ஞாழல் என்று கூப்பிட்டால்

ஏரியில் பரிசல் ஓட்டும் வெள்ளையம்மாவை ஊரில் யாரும் குரு என்று சொல்வதில்லை. சொக்கநாதன் மட்டும் சொல்வார். அவளைவிட அவருக்குப் பத்து வயது கூடுதல். மனசு கலங்கும்போதெல்லாம் அவள் பரிசலில் ஏறி உட்கார்ந்துவிடுவார். ஆறு வருஷமாக அப்படித்தான்.

அன்று உச்சி வெயிலில் வந்தார். தோளில் ஒன்பது மாதப் பெண்குழந்தை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துப் பிறந்தவள்.

பரிசல் கரையை விட்டு நகரும்வரை பொறுத்திருந்தார்.

“அம்மா, இவ என்னைத் திரும்பியே பார்க்க மாட்டேங்கிறா.”

“காது?”

“வைத்தியர் பார்த்துட்டார். பாம்புச் செவியாம்.”

“பேர் என்ன வச்சீங்க?”

“ஞாழல்.” அவர் முகம் மலர்ந்தது. “ஒரு பழைய மரத்தோட பேர். தேடாத இடமில்லை. இந்தச் சீமையிலேயே வேற ஒருத்திக்கும் கிடையாது. என்ன, ஒருத்தர் வாயிலும் நுழையலை. தபால்காரர் நாளல்ங்கிறார். எதிர்வீட்டுக்காரி, ‘ஞாயிறா? அப்போ அடுத்தவளுக்குத் திங்களா?’ன்னு கேட்கிறா.”

வெள்ளையம்மா சிரித்துவிட்டாள். “வீட்டிலே?”

“என் சம்சாரத்துக்கு மூணு நாள் பழக்கினேன். கண்ணாடி முன்னால நிறுத்தி, நாக்கை எங்கே மடிக்கணும்னு சொல்லிக்கொடுத்து. கண்ணு, குட்டின்னு யாரும் கூப்பிடக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். பேர் கெட்டுப்போகும்.”

“எங்கே பிடிச்சீங்க இந்தப் பேரை?”

சொக்கநாதன் கொஞ்சம் தயங்கினார்.

“மதகுப் பக்கம் சாய்ஞ்சு கிடக்குதே ஒரு கல்லு, அதுல. பாசியைச் சுரண்டிப் படிச்சேன்.”

துடுப்பு நின்றது.

“அது யாரோட கல்லுன்னு கேட்டீங்களா?”

“இல்லை.”

“மதகுல விழுந்த பிள்ளையோடது. எந்தக் காலமோ. பெத்தவ இந்தக் கரை பூராவும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே நடந்தாளாம். வீட்டுக்குத் திரும்பவே இல்லையாம்.”

அவர் குழந்தையை மடியோடு இழுத்துக்கொண்டார். அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

“மத்தியானமானா இவ திரும்புறாம்மா. யாரும் கூப்பிடாமலே. ஏரிப் பக்கமா. நேத்து தவழ்ந்தே வீட்டுக்குப் பின்னால இருக்கிற படித்துறைக்கு வந்துட்டா. கடைசிப் படியில பிடிச்சேன். சிரிச்சுக்கிட்டு இருந்தா.”

வெள்ளையம்மா குழந்தையை வாங்கிப் பரிசலின் நடுவில் உட்கார வைத்தாள்.

“கூப்பிடுங்க.”

“ஞாழல்.”

ஒவ்வோர் எழுத்தும் வார்த்துவைத்ததுபோல் விழுந்தது. குழந்தை பரிசலின் மூங்கில் பிளாச்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும்.”

“ஞாழல். ஞாழல்!”

மதகின்மேல் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. காற்று இல்லை. துடுப்பு வெள்ளையம்மாவின் மடியில் கிடந்தது. பரிசல் மெல்ல, தானாக, மதகுப் பக்கம் நகர்ந்து நின்றது.

குழந்தை தலை தூக்கினாள். அவர் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்தாள். தூக்கிக்கொள்ளக் குனிபவளிடம் நீட்டுவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“ம்” என்றாள்.

அவள் பதில் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

சொக்கநாதன் அவளை வாரி அணைத்தார். நீட்டிய கைகள் அவர் முதுகுக்குப் பின்னால் நீண்டபடியே இருந்தன.

“எனக்கு ஒண்ணும் கேட்கலையேம்மா!” அவர் மதகைத் திரும்பிப் பார்த்தார். “அவ... அந்தப் பெத்தவ என்னைவிடச் சரியாச் சொல்றாளா?”

வெள்ளையம்மா துடுப்பைத் தண்ணீரில் இறக்கினாள். கரையை நோக்கி வலித்தபடி சொன்னாள்:

“அழுத வாயில எழுத்து எங்கே சுத்தமா வரும்? நீங்க பேரைக் கூப்பிடுறீங்க, சொக்கரே. அவ பிள்ளையைக் கூப்பிடுறா.”