தாவோ நாட்டுப் புலி

உறுமாத புலி, நகராத புலி, ஆனால் அதன் உடல் ஒன்றுசேர்ந்தால் பத்தாயிரம் வீரர்கள் நடப்பார்கள். அது என்ன புலி? சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியவில்லையா? வெகு காலத்துக்கு முன் சீன தேசத்தில் தாவோ என்றொரு குட்டி நாடு இருந்தது. அங்கே உள்ளங்கை அளவு வெண்கலப் புலி ஒன்றை நெடுக்காகப் பிளந்து வைத்திருந்தார்கள். இடப் பாதி எல்லைக் கோட்டையில், படைத்தலைவரிடம். வலப் பாதி அரண்மனையில், அரசரிடம். அரசரின் பாதி வந்து பொருந்தினால்தான் படை கிளம்பும். ஒரு காது குறைந்திருந்தாலும் கிளம்பாது.

அரசர் இறந்துபோனார். எட்டு வயது மகன் ஜியென் அரியணையில் அமர்ந்தான். அவன் கால் தரையைத் தொடவில்லை.

அந்நாட்டில் ஃபான், சூய், லுவோ என்று மூன்று பிரபுக்கள். மூவருக்கும் மதில் இருந்தது, மூவருக்கும் ஆள்பலம் இருந்தது, மூவருக்கும் அந்த வலப் பாதிமேல் கண்ணும் இருந்தது.

முதலில் ஃபான் வந்தார், தேன் பலகாரத்தோடு. “விளையாட்டில் தொலைத்துவிடுவீர்கள் அரசே, என்னிடம் இருக்கட்டும்.”

அடுத்து சூய் வந்தார், வாளோடு. “கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். இல்லாவிட்டால் எடுத்துக்கொள்வேன்.”

கடைசியாக லுவோ வந்தார், கண்ணீரோடு. “உன் அப்பா எனக்கு அண்ணன் மாதிரி. இந்தச் சித்தப்பாவுக்குத் தரமாட்டாயா?”

ஜியெனின் தாயான ராணிக்குச் சோறு இறங்கவில்லை. “யாரிடம் கொடுத்தாலும் அவர் மற்ற இருவரையும் ஒழிப்பார். பிறகு நம்மையும் விடமாட்டார். கொடுக்காவிட்டால் மூவரும் சேர்ந்து வருவார்கள், ராசா!”

வந்தே விட்டார்கள். அரண்மனை முற்றம் ஈட்டிகளால் நிறைந்தது.

ஜியென் வெண்கல வேலை செய்யும் கன்னாரை அழைத்து, பிரபுக்களின் கண்ணெதிரே வலப் பாதியை உளியால் நான்காக வெட்டச் சொன்னான்.

“ஐயோ, என்ன காரியம் இது!” என்று சூய் கத்தினார்.

“இனி நான்கு துண்டும் சேர்ந்தால்தான் படை வரும். யாரும் யார்மீதும் ஏவ முடியாது. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களே.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தனக்குக் கிடைக்காவிட்டாலும், மற்றவனுக்கும் கிடைக்காது. ஈட்டிகள் மெல்லத் தாழ்ந்தன.

“தலை எனக்கு!” என்றார் சூய்.

“எடுத்துக்கொள்ளும். உமக்கு அதுதானே இல்லை,” என்று சொல்லிக்கொண்டே ஃபான் மார்புத் துண்டை எடுத்தார். லுவோ வயிற்றுத் துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

எல்லோரும் அஞ்சுகிற அதிகாரத்தை எல்லோருக்கும் பங்கிட்டால்தான் எல்லோருடைய அச்சமும் தீரும், குழந்தைகளே.

ஜியென் வாலை எடுத்துக்கொண்டான்.