சொக்கியின் தொபுக் பாட்டு

தாமரைக் குளத்தங்கரையில் ஒரு மருத மரம். அதன் தாழ்ந்த கிளையில் சொக்கி என்ற கொண்டைக்குருவி தினமும் சாயங்காலம் பாடும். கிளைக்கு நேர் கீழே, பாதி நீரிலும் பாதி சேற்றிலுமாக உட்கார்ந்து, பானையன் என்ற தவளை அடித்தொண்டையில் கூடவே பாடும். தச்சன் என்ற மரங்கொத்தி அடிமரத்தில் தாளம் தட்டும். கோஷ்டி இவ்வளவுதான்.

அவை பாடுகிற விதமே தனி. முதலில் மூன்றும் சேர்ந்து ஒரு மெட்டை எடுக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று மெட்டை விட்டு இஷ்டப்படி ஊர் சுற்றக் கிளம்பிவிடும். மற்ற இரண்டும் காதைத் தீட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போக வேண்டும். எவ்வளவு சுற்றினாலும் கடைசியில் மூன்றும் முதல் மெட்டுக்கே வீடு திரும்பிவிடும். நடுவில் ஒன்று தடுக்கி விழுந்தால், இன்னொன்று அந்தத் தடுக்கலையே பிடித்துப் பாட்டாக்கிவிடும். அதனால் நேற்றுக் கேட்ட பாட்டை இன்றைக்கு யாரும் கேட்டதில்லை.

ஒரு குளிர்காலத்தில் எங்கிருந்தோ பறந்து வந்த வாத்து ஒன்று இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ப் பக்கம் இதை ஜாஸ்னு சொல்லுவாங்க" என்றது. அவ்வளவுதான். அன்று முதல் பானையன், யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும், "நாங்க ஜாஸ் கோஷ்டி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

சொக்கியின் பொழுதெல்லாம் பாட்டைச் சுற்றித்தான் ஓடும். விடிந்ததும் பனித்துளியில் தொண்டையை நனைத்துக்கொள்ளும். கச்சேரி நாளில் நெல்லிக்காய் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காது. மத்தியானம் தச்சனைக் கூட்டிக்கொண்டு பாழடைந்த மண்டபத்துக்குப் போய்ப் புறாக்களின் முனகல் கச்சேரியைக் கேட்டுவிட்டு வரும். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஏனோ எனக்குத் தூக்கமா வருது" என்பது தச்சனின் விமரிசனம். சாயங்காலம் குளக்கரையில் எருமை சத்தமாக அசைபோடும். அணில்கள் பாட்டு நடுவில் ஊர்வம்பு பேசும். சொக்கி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். பாடுவதற்கு ஒரு கிளையும், பதில் பாட இரண்டு பேரும் இருந்தால் அதற்குப் போதும்.

அதனால்தான் மழைக்காலம் என்றால் சொக்கிக்குப் பயம். ஐப்பசி பிறந்துவிட்டால் கிளையில் நிற்க முடியாது. தச்சன் பொந்துக்குள் போய் முடங்கிவிடும். பானையனை உறவுக்காரர்கள் வயல்வெளிக் கூட்டுப்பாட்டுக்கு இழுத்துப் போய்விடுவார்கள்.

"நூறு பேரு, ஒரே வார்த்தை, மழை விடுற வரைக்கும். நான் வாயை மட்டும் அசைச்சிட்டு நிப்பேன்" என்று பானையன் அழாத குறையாகச் சொல்லும்.

சொக்கி அந்த இரண்டு மாதமும் ஈர இலைக்கு அடியில் தனியாக உட்கார்ந்து பாடும். பதிலுக்கு ஒரு குரல் வராது. சென்ற வருஷம் மழை முடிவதற்குள் அதற்குப் பாட்டே வெறுத்துப்போய்விட்டது.

இப்படியிருக்க, ஆவணி மாதத்தில் ஒருநாள் பாட்டு நன்றாகச் சூடுபிடித்திருந்தது. சொக்கி ஓர் உச்சத்துக்கு ஏறி, அடுத்த அடிக்கு மூச்சு வாங்கிய நேரம். கரையில் இருந்த பனையிலிருந்து நன்கு பழுத்த பழம் ஒன்று கழன்று குளத்தில் விழுந்தது.

தொபுக்!

எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. சொக்கிக்கும்தான். ஆனால் பயந்த வாயாலேயே அது "தொபுக்?" என்று பாடிவிட்டது. கீழே இருந்து பானையன், "தொபுக் தொபுக்" என்று பதில் சொன்னது. தச்சன் அந்தத் தொபுக்கையே தாளமாக்கியது. பிறகு கேட்க வேண்டுமா? எருமை அசைபோடுவதை நிறுத்தியது. அணில்கள் வாயை மூடிக்கொண்டன. பாட்டு முடிந்தபோது குளக்கரையே ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாளைக்குள் காடு முழுவதும் இதே பேச்சு. நான்காம் நாள் யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகி, மருத மரத்தடிக்கே நேரில் வந்து நின்றது.

"ஏ புள்ள சொக்கி, வர்ற பௌர்ணமி அன்னிக்கு என் மக அங்காயிக்குத் தும்பிக்கை நாள். நீங்க வந்து பாடணும்."

யானைகளுக்கு அது பெரிய விசேஷம். பிறந்த குட்டி முதல்முதலாகத் தன் தும்பிக்கையால் தண்ணீரை உறிஞ்சி, தானே வாயில் ஊற்றிக் குடிக்கும் நாள். காடே கூடி நிற்கும்.

"கண்டிப்பா வர்றோம் பெரியம்மா" என்றது சொக்கி.

"எனக்கு அந்தத் தொபுக் பாட்டுதான் வேணும். அருவிப் பக்கத்துல எங்க குகை இருக்குல்ல, ஒரு சொட்டு ஒழுகாது. பாட்டு எனக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, மழை முடியற வரைக்கும் நீங்க மூணு பேரும் அங்கயே தங்கிப் பாடலாம்."

பெரியநாயகி போன பிறகும் சொக்கிக்குக் கால் கிளையில் தரிக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் கோஷ்டி கலையாமல் இருக்கலாம்! இந்த ஒரு பாட்டு மட்டும் சரியாக அமைந்துவிட்டால் போதும். அந்த நினைப்புதான் அதன் புத்தியைக் கெடுத்தது.

"அன்னிக்குப் பாடினதை அப்படியே பாடுவோம். ஒரு இம்மி மாறக் கூடாது. பானையண்ணே, அந்த இடத்துல நீ என்ன பாடினே?" என்றது சொக்கி.

"அன்னிக்கு என்ன பாடினேன்னு இன்னிக்கு எனக்கு எப்படித் தெரியும்? நீ ஏதோ சொன்னே, நான் ஏதோ சொன்னேன்."

"அந்த ஏதோ தான் வேணும். யோசி."

பானையன் யோசித்தது. யோசித்து அதற்குப் பழக்கமில்லை. தலைதான் வலித்தது.

கடைசியில் சொக்கியே எல்லாவற்றையும் நினைவுபடுத்தி, இங்கே இத்தனை தொபுக், அங்கே இத்தனை தட்டு என்று அறுதியிட்டது. பழம் தானாக விழும் என்று காத்திருக்க முடியுமா? முத்தாண்டி என்ற குரங்கை அதற்கென்று ஏற்பாடு செய்தது.

"முத்தாண்டி, பனம்பழத்தைக் கையில வெச்சிட்டு மேல உக்காந்திரு. நான் இடது இறக்கையால கொண்டையைத் தொடுவேன். தொட்ட உடனே பழத்தைப் போட்டுடணும். புரியுதா?"

"இதுகூடப் புரியாதா அக்கா? கொண்டை, தொபுக்!" என்றது முத்தாண்டி.

எட்டு நாள் ஒத்திகை நடந்தது. எட்டு நாளும் ஒரே பாட்டு. தச்சன் வேண்டா வெறுப்பாகத் தட்டியது. பானையனால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் சில்வண்டு கத்தினால் அதற்கு ஒரு பதில் கொடுத்தது. எருமை தும்மினால் அதற்கும் ஒன்று போட்டது.

ஏழாம் நாள் சொக்கிக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, உனக்கு ஒரு தடவை சொன்னா ஏறாதா? சொல்லிக்கொடுத்ததை மட்டும் பாடு. மத்த நேரம் காதை மூடிக்கோ!"

பானையன் மெதுவாக நீருக்குள் இறங்கி, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் சொக்கி அதனிடம் கேள் என்று சொல்லியிருக்கிறது, இன்னும் நன்றாகக் கேள் என்று சொல்லியிருக்கிறது. கேட்காதே என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பானையனின் மனசு விட்டுப்போய்விட்டது.

பௌர்ணமி அன்று சாயங்காலம் ஆற்று மடுவில் திரளான கூட்டம். முன்வரிசையில் யானைகள், பின்னால் மான்கள், மரக்கிளை எல்லாம் பறவைகள். அங்காயியின் நெற்றியில் சிவப்பு மண்ணால் பொட்டு வைத்து நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மடுவின்மேல் சாய்ந்திருந்த புங்க மரத்தில் சொக்கி ஏறி நின்றது. அடிமரத்தில் தச்சன், கீழே நீரில் பானையன். சொக்கிக்கும் மேலே இலைகளுக்குள் முத்தாண்டி பனம்பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாட்டு தொடங்கியது. முதல் அடி சரி. இரண்டாம் அடி சரி. மூன்றாம் அடியில் எங்கிருந்தோ ஒரு ஈ வந்து சொக்கியின் கொண்டைமேல் உட்கார்ந்தது. சொக்கி இடது இறக்கையால் அதைத் தட்டிவிட்டது.

தொபுக்!

பழம் மடுவில் விழுந்து தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. பானையன் ஆசையோடு வாயைத் திறந்து மேலே பார்த்தது. சொக்கி கண்ணாலேயே அதட்டியது. இன்னும் இடம் வரவில்லையே! எதுவுமே காதில் விழாதது போலச் சொக்கி நான்காம் அடிக்குப் போய்விட்டது.

"அதுதானே தொபுக்? ஏன் ஒண்ணும் நடக்கல?" என்று ஒரு மான் பக்கத்து மானிடம் கேட்டது.

பாட்டு உச்சத்துக்கு ஏறியது. இப்போதுதான் இடம். சொக்கி மூச்சு வாங்கி, இடது இறக்கையால் கொண்டையைத் தொட்டது.

ஒன்றும் விழவில்லை. மறுபடி தொட்டது. அப்போதும் ஒன்றும் இல்லை.

"அக்கா, அதான் போட்டாச்சுல்ல! எத்தனை தடவை போடறது?" என்று மேலிருந்து முத்தாண்டி வெறும் கையை விரித்துக் காட்டியது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியநாயகியின் காது அசைவதை நிறுத்தியது. சொக்கிக்கு அடுத்த அடி என்னவென்றே தெரியவில்லை. அது மனப்பாடம் செய்த பாட்டு முழுவதும் அந்தத் தொபுக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. குகையும் போயிற்று, மானமும் போயிற்று என்று அதற்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

இந்த அமளியில் அங்காயியை யாரும் கவனிக்கவில்லை. சும்மா நிற்க அலுத்துப்போய், அது தும்பிக்கை நிறையத் தண்ணீரை உறிஞ்சி அவசரமாக வாயில் ஊற்றிக்கொண்டது. பாதி தொண்டையில் போனது. மீதி எங்கேயோ போனது.

"விக்!"

இப்போது கூட்டம் அங்காயியைப் பார்த்துச் சிரித்தது. பாவம், குட்டி நடுங்கிப்போய் அம்மாவின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அங்கிருந்தும் ஒரு "விக்" கேட்டது.

பானையனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. திட்டினால் திட்டட்டும் என்று அடித்தொண்டையிலிருந்து மெதுவாக, "ம்ம்... விக்" என்றது.

சொக்கி கீழே பார்த்தது. பானையன் மேலே பார்த்தது. அப்போதுதான் சொக்கிக்கு உறைத்தது. எட்டு நாளாக அது யார் குரலையும் கேட்கவே இல்லை. தொபுக் என்று வாய்விட்டுக் கூப்பிட்ட பழத்தைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டது.

"விக்?" என்று சொக்கி மெல்லப் பாடியது.

"விக்" என்றது வயிற்றுக்கு அடியிலிருந்து அங்காயி.

"விக் விக்" என்றது பானையன். தச்சன் அடுத்த விக்கலுக்கு இடம் விட்டுத் தாளத்தைத் தொடங்கியது. விக்கல் என்ன, சொன்ன நேரத்துக்கா வரும்? ஒருமுறை சீக்கிரம் வந்தது. ஒருமுறை எல்லோரையும் காக்க வைத்து வந்தது. எப்போது வந்தாலும் மூன்றும் அதை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டன. சொக்கி அதைச் சுற்றி ஏறியது, இறங்கியது, அதைக் கொஞ்சியது, அதனிடம் சண்டை போட்டது. முத்தாண்டியும் கிளையை உலுக்கித் தன் பங்குக்கு ஒரு சலசலப்பைப் போட்டது.

அங்காயி முதலில் ஒரு கண்ணை வெளியே நீட்டியது. பிறகு தும்பிக்கையை நீட்டியது. பிறகு முழுவதுமாக வெளியே வந்து, தன் விக்கலுக்குத் தானே தலையை ஆட்டியது. மூன்று கோஷ்டிக்காரர்களும் முதல் மெட்டுக்குத் திரும்பியபோது, அது மடுவில் தும்பிக்கையை விட்டு நிதானமாக உறிஞ்சி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துக் காட்டியது. யானைகள் பிளிறிய பிளிறலில் புங்க இலை எல்லாம் உதிர்ந்தது.

பெரியநாயகி சொக்கியின் கிளைக்கு அருகே வந்தது. அதன் கண் கலங்கியிருந்தது.

"என் மக கூனிக்குறுகி நின்னப்போ, அவளையும் சேத்துப் பாட வெச்சீங்களே! குகை உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் என் தங்கச்சி மகனுக்குத் தும்பிக்கை நாள் வருது. அதுக்கு இதே விக்கல் பாட்டு வேணும்."

சொக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வர்றோம் பெரியம்மா. என்ன பாட்டுன்னு மட்டும் அங்க வந்து காது கொடுத்துக் கேட்டுட்டுச் சொல்றோம்."

திரும்பும் வழியில் சொக்கி பானையனின் பக்கத்தில் தாழப் பறந்து வந்து இறங்கியது.

"காதை மூடிக்கோன்னு உன்கிட்டயே சொன்னேனே அண்ணே. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"நமக்கு ஏது செருப்பு? அந்த ஈ எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லு, போதும்" என்றது பானையன்.

ஐப்பசி பிறந்தது. வெளியே மழை கொட்டியது. குகைக்குள் கோஷ்டி கூடியது. பெரியநாயகி சொன்னது கொஞ்சம் பொய். ஒரே ஒரு இடத்தில் ஒழுகத்தான் செய்தது. பாட்டு நடுவில் கூரையிலிருந்து ஒரு சொட்டு பாறையில் விழுந்து "டொக்" என்றது. பானையன் மேலே பார்த்தது. சொக்கி அதற்குள் அந்த டொக்கைப் பிடித்துப் பாடத் தொடங்கியிருந்தது.

நேற்றுக் கிடைத்த நல்லதையே இன்றைக்கும் வரவழைக்கப் பார்க்கிறவர், இன்றைக்குத் தானாக வந்து விழும் நல்லதைக் கேட்காமல் விட்டுவிடுவார்.